முப்பத்தாறு பல்

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று கட்டைவிரல் நகத்தைக் கியரின் பல்லிடுக்கில் வைத்து எண்ணிக்கொண்டே வந்த சென்னியப்பன் இருபத்து மூன்றில் கோட்டை விட்டார். எங்கேயோ ஒரு கோழி கத்தியதுதான் காரணம். கணபதி ஏரியாவில், இந்தப் பட்டறைத் தெருவில், கோழி எங்கிருந்து வந்தது, இத்தனை வருஷமாக இங்கேதான் இருந்ததா, மிஷின் சத்தத்தில் காதில் விழாமல் போனதா என்று ஒரு நினைப்பு ஓடி முடிப்பதற்குள் நகம் எந்தப் பல்லில் நிற்கிறது என்பது மறந்துபோனது. முதல் பல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு எண்ணவேண்டும். லேத்துப் பட்டறையில் காலெடுத்து வைத்த முதல் வாரமே எவனுக்கும் தெரிந்துவிடுகிற விஷயம். முப்பத்தொன்பது வருஷம் லேத்து ஓட்டியவர் சாக்பீஸ் போடாமல் எண்ண உட்கார்ந்தார் என்றால் புத்தி எண்ணுவதில் இல்லை என்று அர்த்தம். இன்றைக்குக் கரண்டு இல்லை. மாதத்தில் ஒரு நாள் ஒன்பதிலிருந்து ஐந்து மணிவரை லைனை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள், அன்றைக்குத்தான் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் மிஷின்களுக்கு வைத்தியம் நடக்கும். வேலைக்கு வரும் இரண்டு பேருக்கும் லீவு சொல்லிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, வெளிச்சத்துக்குப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய இங்கிலீஷ் லேத்தின் முன்பக்கத்தில் இருக்கிற கியர்ப் பெட்டியைக் கழற்றிக் கீழே சாக்கின்மேல் பரப்பியிருந்தார். திருகுமரை வெட்டும்போதும் மெதுவாகக் கடையும்போதும் உளி எந்த வேகத்தில் நகரவேண்டும் என்று தீர்மானிக்கிற பெட்டி அது. எட்டு வருஷமாகக் கரகரவென்று கத்திக்கொண்டே இருந்த பெட்டி, நாலு நாளைக்கு முன்னால் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஆவாரம்பாளையத்தில் கியர் வெட்டுகிற குப்புராஜ் ஒரு மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தான். எது தேய்ந்தது, எத்தனை பல், என்ன அளவு என்று அதற்குள் சொல்லியாகவேண்டும். அதொன்றும் பெரிய காரியமில்லை. குப்புராஜுக்குப் பிறகு மனைவி சாரதாமணி சோறு கொண்டு வருவாள், அவளும் ஒன்று கேட்பாள், அதுதான் பெரிய காரியம்.

கேட்கத்தானே செய்வாள். வாயைக் கொடுத்தது இவர். ஆவணியில் மகள் பிருந்தாவுக்கு நிச்சயம் நடந்த அன்று, பந்தியெல்லாம் முடிந்து ஜமக்காளத்தில் பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி சும்மா இருக்கமாட்டாமல், பொண்ணுக்குத் தாய்மாமன் எங்கீங்க, ஆளையே காணமே என்று கேட்டுவைத்தாள். சாரதாமணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், போகிற வழியில் தட்டிலிருந்து ஒரு ஆப்பிள் உருண்டு விழுந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. அந்த ஆப்பிளைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குச் சுரீரென்று வந்துவிட்டது. "அந்தப் பொட்டிய ஒரு நா தொறந்து பாக்கத்தான் போறனுங்க. அவன் மேல தப்பு இல்லீன்னு மிஷினு சொல்லுச்சுன்னா, நானே அவன் ஊட்டுக்குப் போயி, எல்லார் முன்னாலயும் கையெடுத்துக் கும்புட்டுக் கூட்டிட்டு வர்றன். இல்லீன்னா அவன் இந்த வாசப்படி மிதிக்கப்படாது" என்று சபையில் சொல்லிவிட்டார். என்ன தைரியம் பாருங்கள். எண்ணெய் ஊற்றாமல் ஓட்டிப் பெட்டியைக் கெடுத்தது மச்சினன் அங்குராஜ்தான் என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். அவ்வளவு நிச்சயமாக இருக்கிறவன் சட்டென்று திறந்து பார்த்திருக்கலாமே. அதற்குப் பிறகு கரண்டு இல்லாத நாள் மூன்று வந்தது. முதல் தடவை பல்லுவலி, இரண்டாவது தடவை மண்டபத்துக்குப் போகிற வேலை, மூன்றாவது தடவை என்ன சொன்னார் என்று அவருக்கே ஞாபகமில்லை, சாரதாமணிக்கு இருக்கும். தை பத்தாம் தேதி கல்யாணம். மாமன் கையால் மாலை போட்டுக்கொண்டு பெண் மணவறைக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது ஒன்றுவிட்ட சொந்தத்தைப் பிடித்து நிறுத்தவேண்டும், அதை ஊரே பார்க்கும், பிருந்தா பார்ப்பாள். அந்தப் பெண் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுவிட்டால்கூடத் தேவலை.

மண்ணெண்ணெய்ச் சட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தார். கறுப்புக் கூழாக எண்ணெய் கரைந்தது, நாசியில் ஏறியது. இந்த வாசனை பிடித்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தோமோ என்று முன்பெல்லாம் நினைப்பதுண்டு, இன்றைக்குக் குமட்டியது. முதலில் ஷாப்டைத்தான் துடைத்துப் பார்த்தார். எண்ணெய் இல்லாமல் ஓடின மிஷின் அதைத் தன் உடம்பில் எழுதி வைத்துக்கொள்ளும். ஷாப்டு சூடேறி நீலம் பாய்ந்து கிடக்கும், அது சுழலுகிற வெண்கலப் புஷ் கீறிக் கிழிந்திருக்கும். பல் தேய்வதெல்லாம் அதற்கப்புறம்தான். நீலத்தைத் தேடினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு பொட்டு நீலம் இருந்தால் போதும், இந்த வீட்டில் அவர் தலை நிமிர்ந்து சோறு தின்பார். ஷாப்டு நேற்றுக் கடைந்ததுபோல வெள்ளையாக இருந்தது. புஷ்ஷுக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினார். வழவழவென்று இருந்தது, குழந்தையின் ஈறுபோல. அவர் மனசு அங்கேயே ஒரு முறை நின்றது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. எட்டு வருஷமாக நான்தானே தினமும் எண்ணெய் ஊற்றுகிறேன், பழைய நீலமெல்லாம் தேய்ந்து போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். நீலம் தேயாது. கீறல் ஆறாது. வெண்கலத்துக்குத் தோல் வளர்வதில்லை. இது தெரியாதவர் இல்லை அவர். ஆனாலும் அந்தப் பொய்யை ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டிருக்க ஆசையாக இருந்தது, வைத்துக்கொண்டிருந்தார்.

சாக்பீஸ் எடுத்து முதல் பல்லில் கோடு போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. இந்தக் கியர்தான் மோசமாகத் தேய்ந்தது, பல் ஒவ்வொன்றும் நுனியில் சூம்பி, ஒரு பக்கம் அரிவாள்போலக் கூராக நின்றது. எட்டு, ஒன்பது. இதோடு சேர்ந்து ஓடுகிற பெரிய கியரும் இதே கதிதான், அதன் அடிப்பக்கம் குழிவிழுந்து கிடந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று. "ஊத்துனனுங்க மச்சான்" என்றான் அங்குராஜ். எட்டு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கும் இதே இடத்தில்தான் நின்றான், கையில் எண்ணெய்க் கேன், முப்பத்துநாலு வயசு, மீசையில் இரும்புத் தூள். பம்பு ஷாப்டு அறுபதுக்கும் மரை தப்பிப்போய் மொத்தமும் திரும்பி வந்திருந்தது. வேலை கொடுத்த பார்ட்டி இரண்டு பேர் ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றார்கள், எதிர்ப் பட்டறைக்காரன் டீ டம்ளரோடு வந்து நின்றான். மிஷின் கத்துகிற கத்தலை ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊத்துனியாடா என்று கேட்டார். ஊத்துனனுங்க மச்சான் என்றான். பொய் சொல்லாத என்றார். ஊத்துனனுங்க என்றான். அப்பறம் ஏண்டா கத்துது, தூங்கிட்டியா, மயிராண்டி, தூங்கிட்டியா என்று கேட்டார், கன்னத்தில் ஒன்று வைத்தார். சத்தம் பளாரென்று கேட்டது, பார்ட்டிக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது அவன், "ஊத்துனதா நெனப்புங்க மச்சான்" என்றான். ஒரே நிமிஷத்தில் ஊற்றினேன் என்பது ஊற்றியதாக நினைப்பு என்று ஆகிவிட்டது. பார்த்தீங்களா பார்த்தீங்களா என்று பார்ட்டியிடம் சொல்லிக்கொண்டே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். அவன் கேனைக் கீழே வைத்தான். மூடியைத் திருகி மூடிவிட்டுத்தான் வைத்தான். அதற்குப் பிறகு எந்த லேத்திலும் கைவைக்கவில்லை. சரவணம்பட்டியில் ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்டில் உட்கார்ந்து வருகிற வண்டி நம்பரை எழுதுகிறான் என்று கேள்வி. கேள்வி என்ன கேள்வி, ஒரு தடவை டெலிவரிக்குப் போனபோது இவரே பார்த்தார், நீலச் சட்டை, தொப்பி, தலை நரைத்திருந்தது. பார்த்ததும் வண்டியைத் திருப்பிப் பின்பக்கத்து கேட் வழியாகப் போனார். இருபத்தாறு, இருபத்தேழு. இல்லை, இருபத்தேழா, இருபத்தெட்டா. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். முப்பத்தாறு வந்தது. இன்னொரு தடவை எண்ணினார். முப்பத்தாறுதான். அதை மறுபடி எண்ணவேண்டிய அவசியமே இல்லை, எண்ணிக்கொண்டிருக்கிறவரைக்கும் அளக்கவேண்டியதில்லை என்பதால் எண்ணினார்.

அளந்தார். கணக்கு சுலபம். கியரின் வெளிவட்டத்தை அளந்து, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அதனால் வகுத்தால் பல்லின் பருமன் வந்துவிடும். வெர்னியர் தொண்ணூற்று நாலு புள்ளி ஆறு மில்லிமீட்டர் காட்டியது. முப்பத்தெட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டரை. தேய்மானத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நச்சென்று இரண்டரை. சரி. பெரிய கியர் நாற்பத்துநாலு பல், நூற்றுப் பதினாறு புள்ளி இரண்டு. நாற்பத்தாறால் வகுத்தார். இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே போனது. கால்குலேட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். இரண்டு புள்ளி ஐந்து இரண்டு சொச்சம். சின்னதில் குறைகிறது, பெரியதில் மிஞ்சுகிறது. குறைவதற்குத் தேய்மானத்தைச் சொல்லலாம். மிஞ்சுவதற்கு எதைச் சொல்வது? தேய்ந்த இரும்பு வளருமா? உலகத்தில் எந்தக் கியராவது ஓட ஓடப் பெருத்திருக்கிறதா? சென்னியப்பன் பெரிய கியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இது வெள்ளைக்காரன் செய்த மிஷின். அவனுக்கு எல்லாம் இஞ்சுக் கணக்கு. இஞ்சுக் கணக்கில் பத்தாம் நம்பர்ப் பல் என்றால் மில்லிக் கணக்குக்கு இரண்டு புள்ளி ஐந்து நாலு வரும். இரண்டரையும் அதுவும் பார்த்தால் அண்ணன் தம்பிபோல இருக்கும், கோத்தால் கோத்துக்கொள்ளும், சுற்றினால் சுற்றும். ஓடும், கத்தும், ஒன்றை ஒன்று நுனியிலும் அடியிலும் கடித்துத் தின்னும், மரையும் நடுங்கிப்போகும். எண்ணெயை அண்டா அண்டாவாக ஊற்றினாலும் அது நிற்காது. பெரிய கியர் வெள்ளைக்காரன் போட்டது. சின்னது நம்மூரில் வெட்டி மாட்டியது. யார் மாட்டியது? அதைக் கேட்கவே வேண்டியதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த முப்பத்தாறு பல்லுக் கியரில் இரண்டு பல் உடைந்துபோனபோது இதே கையால் கழற்றி, இதே வெர்னியரில் அளந்து, பிருந்தா பரீட்சைக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்க, தொண்ணூற்றைந்து புள்ளி ஒன்பது, சரி இரண்டரை என்று சுவரில் சாக்பீஸால் எழுதினவர் அவர்தான். இரண்டரை என்றால் புதுசாக இருக்கும்போதே தொண்ணூற்றைந்துதான் வரும். தேய்ந்து உடைந்த கியர் எப்படி அதைவிட ஒரு மில்லி பெரிதாக இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. கை நிறைய வேலை இருந்தது, தலை நிறையக் கர்வம் இருந்தது. அப்போது வெட்டிக் கொடுத்த அருளானந்தம், மெதுவாகப் பேசுகிற மனுஷன், தயங்கித் தயங்கிக் கேட்கவும் கேட்டார். "பழைய இங்கிலீசு மிஷினுங்களே, இஞ்சுல இருக்கப் போகுதுங்க" என்றார். "எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டுச் சிரித்தவரும் இவர்தான். மாட்டின அன்றே அது லேசாகக் கத்தியது. சத்தம் வேற மாதிரி இருக்குதுங்க மச்சான் என்று அங்குராஜ் வந்து சொன்னான். புதுசு அப்படித்தான் கத்தும், ஓட்டு என்றார். ஓட்டினான். ஒரு வருஷம் ஓட்டினான், ஒரு நாள் அடி வாங்கினான்.

அப்படியானால் நான்தான். இந்த ஒரு வரியை நினைத்துவிட்டு அவர் மனசு அதைத் தாண்டி ஓடப் பார்த்தது, எந்தப் பக்கம் போனாலும் திரும்பி அங்கேயே வந்து முட்டியது. வேறு யாராவது மாற்றியிருக்கலாம். யார் மாற்றுவார்கள், சாவி இவரிடம். அருளானந்தம் தப்பாக வெட்டியிருக்கலாம். அவர் சொன்னபடி வெட்டினார், பாவம், போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் தலையில் கட்டினால் அவர் வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் மறுக்க ஆள் இல்லை என்றால் சாட்சி சொல்லவும் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம் என்று உள்ளே இன்னொரு குரல் கணக்குப் போட்டது, அந்தக் குரலைக் கேட்டு அவருக்கே கூசியது. எட்டு வருஷமாக ஏன் திறக்கவில்லை என்பது இப்போது விளங்கியது. மரை வெட்டுவதற்கென்று இரண்டாவதாக ஒரு லேத்தை வாங்கிப் போட்டது, இந்தப் பெட்டியைக் கத்தவிட்டே மேம்போக்கான வேலையெல்லாம் செய்துகொண்டது, யாராவது சத்தம் அதிகமா இருக்குதே என்றால் என் மச்சினன் பண்ணி வெச்ச வேலை என்று சொல்லிச் சொல்லிப் பழகியது, எல்லாம் இதற்குத்தான். எங்கேயோ ஒரு மூலையில் தெரிந்திருக்கிறது. தெரிந்தவன்தான் மூடிவைப்பான். போய்ச் சொல்லிவிடலாம். சட்டையை மாட்டிக்கொண்டு சரவணம்பட்டிக்குப் போய், கேட்டருகில் வண்டியை நிறுத்தி, மாப்ள, நான் போட்ட கியர்தாண்டா தப்பு என்று சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. சொன்னால் அவன் என்ன செய்வான்? திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். திட்டமாட்டான். பரவால்லீங்க மச்சான் என்பான், அந்த நீலச் சட்டையோடு எழுந்து நின்று சொல்வான், அதைத்தான் தாங்க முடியாது. எட்டு வருஷத்தை யார் அவனுக்குத் திருப்பித் தருவது? கைநயமுள்ள ஆள், மைக்ரோமீட்டர் வைக்காமலே விரலால் தடவி அளவு சொல்லுகிறவன், அவனைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்து வண்டி நம்பர் எழுத வைத்தாயிற்று. மன்னிப்பு என்று ஒரு வார்த்தையைக் கொண்டுபோய் அதற்கு மேல் வைத்தால் மூடுமா? மூடாது என்பதால் வைக்காமலே இருந்துவிடலாமா? சாரதாமணி என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்லமாட்டாள். இனிமேல் சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் போடுவாள், அவ்வளவுதான். சபையில் கேட்ட அத்தனை பேரும் ஒருத்தர் காதில் ஒருத்தர் சொல்வார்கள், பெரிய டர்னராம், அளவு தெரியாம மாட்டிப்போட்டுக் கட்டுனவ தம்பிய அடிச்சானாம். விரலில் ஏதோ சுருக்கென்றது. கூரான பல்லைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார், கட்டைவிரலில் ரத்தம் மெல்லிசாகக் கோடு போட்டிருந்தது. கழிவுப் பஞ்சால் சுற்றிக்கொண்டார். பயமாக இருந்தது. இந்த வயசில், தன் சொந்தப் பட்டறையில், பட்டப்பகலில், ஒரு இரும்புச் சக்கரத்தைப் பார்த்து அவருக்குப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. ஒரு மணி ஆகிவிட்டதா என்ன, பத்து நிமிஷம் பாக்கி இருந்தது. குப்புராஜ் எப்போதும் முந்திக்கொள்கிறவன். "அளவெடுத்தாச்சுங்ளாண்ணா?" என்றான். ஆச்சு என்றார். "முப்பத்தாறு பல்லு ஒண்ணு, நாப்பத்துநாலு ஒண்ணு. ரெண்டும் இஞ்சுக் கணக்கு, பத்தாம் நம்பரு." சொல்லும்போது சந்தேகமே வரவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டியது இப்போது தொண்டையில் சிக்காமல் வந்தது. "செரிங்ணா. பழைய பீசு ரெண்டையும் குடுத்து உடுங்க, வெச்சுப் பாத்துட்டு வெட்டிர்றன்" என்றான் குப்புராஜ். "நாப்பத்துநால மட்டும் குடுத்து உடறன்." "ஏனுங்ணா, முப்பத்தாறு இல்லீங்ளா?" என்னவாவது சொல்லியிருக்கலாம். தொலைந்துபோச்சு என்றிருக்கலாம். "அது மில்லிக் கணக்குல வெட்டுனது. தப்பா மாட்டிக் கெடக்குது" என்று உண்மையில் பாதியைச் சொன்னார். அந்தப் பக்கம் குப்புராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "அய்ய சாமி, இஞ்சு மிஷின்ல மில்லிப் பல்லா? எந்தப் புண்ணியவானுங்ணா மாட்டுனது?" அவன் விளையாட்டாகத்தான் கேட்டான், கேட்டுவிட்டு மறந்துபோகிற கேள்வி. நான்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அவனும் சிரித்துவிட்டு வைத்திருப்பான், அதோடு போயிருக்கும். சொல்லிப் பார்க்க அதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டான். சென்னியப்பன் வாயைத் திறந்தார். "மச்சினனுங்க" என்றார். வாய் தவறி வந்ததில்லை, ஒரு நொடி யோசித்து வந்தது. "ஆரு, அங்குராசுங்ளா? அவன் அளவுல கெட்டியான ஆளாச்சேண்ணா" என்றான் குப்புராஜ், சிரிப்பை நிறுத்திவிட்டு. "அப்பவே அவனுக்குக் கவனம் பத்தாது" என்றார் சென்னியப்பன். குப்புராஜ், வியாழக்கிழமை ரெடியாயிருங்ணா என்று வைத்துவிட்டான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார், அப்படி ஒன்றும் ஆகவில்லை. முதல் தடவை அவன் தலையில் போட்டபோது தெரியாமல் போட்டது, அதற்கு ஒரு மன்னிப்பு இருந்தது. இப்போது போட்டது தெரிந்து போட்டது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும், அளவு தெரிந்த ஆள் அல்லவா.

ஷட்டருக்கடியில் குனிந்து சாரதாமணி உள்ளே வந்தாள். சோற்றுத் தூக்குப்போசியை வைஸ் மேஜையில் வைத்துவிட்டுச் சாக்கின்மேல் பரப்பியிருந்ததைப் பார்த்தாள். அவளுக்கு இரும்பு பாஷை தெரியாது. அதில் எது என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மண்ணெண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதோ கேட்கப்போகிறாள், கேட்டால் சொல்லிவிடுவேன், இவளிடம் பொய் வராது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை வந்தது, நாள் முழுக்க வந்த ஒரே நம்பிக்கை. கேள், சாரதா, கேள் என்று உள்ளே கெஞ்சினார். அவள் கேட்கவில்லை.

"நீங்க ஒண்ணுஞ் சொல்லோண்டாமுங்க" என்றாள். "அதுக்கு முன்னால நா ஒண்ணு சொல்லிப்போடறன். காத்தால அங்குராசு போன் பண்ணுனான். இன்னைக்குப் பொட்டியத் தொறக்கறாருடான்னு நாந்தான் சொன்னன். தொறக்கவே வேண்டாங்க்கா, எனக்குத் தெரியும், நாந்தான் எண்ணெ ஊத்தாம உட்டிருப்பன்ங்கறான். எட்டு வருசமா யோசிச்சு யோசிச்சுப் பாத்தானாமா. கேன எடுத்தது நெனப்பு இருக்குதாமா, ஊத்துனது நெனப்பு இல்லியாமா. இனி எந்த மிஷினத் தொட்டாலும் கெடுத்துப்போடுவம்னு பயந்துக்கிட்டுத்தான் அந்த வேலைக்கே போகுலியாமா. எங்கிட்டக்கூட இத்தன நாளாச் சொல்லுலீங்க." முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகை மட்டுமில்லை, சிரிப்பும் கலந்திருந்தது. "சாயந்திரம் பட்டறைக்கே வர்றானுங்க. மச்சான் கால்ல உளுந்து கேட்டுக்கறன்னான். வேண்டாம்டான்னு நா சொல்லுலீங்க. கேட்டுப்போட்டா அவன் மனசு ஆறீரும். போகுது உடுறா மாப்ளன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க, போதும். பிருந்தா காத்தாலருந்து பாட்டுப் பாடிட்டுத் திரியறா."

சென்னியப்பன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவள் முகம் இவ்வளவு லேசாக இருந்து அவர் பார்த்ததில்லை. சொல்லவேண்டிய வார்த்தை நாக்கின்மேல்தான் இருந்தது. அதைச் சொன்னால் அந்த முகம் என்னவாகும் என்று நினைத்தார், அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம் என்றும் அதே நொடியில் நினைத்தார். அவன் வருவான். குனிவான். இவர் தோளைத் தொட்டுத் தூக்கவேண்டும். கல்யாணத்தில் மாலையோடு வருவான், சந்தோஷமாகச் சாப்பிடுவான், சாகிறவரைக்கும் தான் கெடுத்த மிஷினுக்காக இவரிடம் ஒரு படி தாழ்ந்தே நிற்பான், இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

"எத்தன மணிக்கு வரான்?" என்றார்.

"அஞ்சு மணிக்குங்க."

"வரட்டும்" என்றார். கட்டைவிரலில் சுற்றியிருந்த பஞ்சை அவிழ்த்துக்கொண்டே, "எனக்கு வேற சட்ட ஒண்ணு கொண்டாந்து குடு. இது பூரா எண்ணெ" என்றார்.